குதிரைக்குச் சொன்ன இங்கிலீஷ்

நேற்று ஈரோட்டுச் சத்திரத்தில் படுத்திருந்தேன். பக்கத்தில் யாரோ கொள்ளு வேகவைத்தார்கள். அந்த ஆவி மூக்கில் ஏறியதும் அல்சூரில் எங்கள் ஒற்றை அறை வீடும், வாசலில் கட்டிய ராஜாவும் மெல்ல எழுந்து வந்தன.

ராஜா அப்பாவின் ஜட்காக் குதிரை. பட்டாளத்து பேண்டு வாத்தியத்தைக் கண்டால் மிரளும். அப்போதெல்லாம் அப்பா இறங்கி அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தலைப்பாகையால் கண்ணை மூடுவார். வண்டியில் வரும் துரைசாணி ஒருத்தி "அவர்ட்! அவர்ட்!" என்று பதறுவாள். பார்க்காமல் திரும்பிக்கொள்வதற்கு அதுதான் இங்கிலீஷ் என்று அப்பா பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட மத்தியானம், அவளை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏரிக்கரை ரோட்டில் பேண்டு எதிரே வந்தது. குதிரை மிரண்டால் வண்டி குடைசாயும். அப்பா குதித்திறங்கி ராஜாவின் கண்ணை மூடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அவர்ட் பண்ணு ராஜா, அவர்ட் பண்ணு."

"அதுக்கு இங்கிலீஷ் தெரியுமா? என்னைக் கொஞ்சம் திரும்பிப் பாருய்யா" என்று அம்மா முனகினாள்.

"உன்னைப் பாத்தா எனக்குக் கை நடுங்கும்டி. அது ராஜாவுக்குத் தெரிஞ்சுடும்."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பித்தளைக் குழல்கள் வெயிலில் மிதந்து, கனவில் போவதுபோல் எங்களைக் கடந்தன. ராஜா அசையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். உதடு கடிபட்டு ரத்தமாக இருந்தது.

"வாய்விட்டுக் கத்தியிருக்கலாமேடி."

"கத்தினா ரெண்டும் மிரண்டிருக்கும்யா" என்றாள் அம்மா.