ஐம்பத்து நான்கு வயதில் ஒரு நுழைவுத் தேர்வு

போன வியாழக்கிழமை காலை, முதல் பாடவேளைக்குக் கிளம்பிய என்னைத் தலைமையாசிரியர் நிறுத்தினார். "சரோஜா டீச்சர் தவறிட்டாகளாம் சார். விடிகாலைல நெஞ்சுவலி" என்றார். அன்று நான் எந்த வகுப்பும் எடுக்கவில்லை.

சின்னமனூர்ப் பக்கம் ஒரே அரசுப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தேன். அவர் தாவரவியல், நான் இயற்பியல். அவருடைய கோபமும், எல்லோருக்குமாகச் சேர்த்துக் கொண்டுவரும் எலுமிச்சை சாதமும் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். ஓய்வை நெருங்கும் வயதில் அவர் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய கதை பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டியவன் நான்.

மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்து எங்களிடம் படித்தவள் பவித்ரா. நம் பள்ளிகளில் முதலில் ரஃப், பிறகு ஃபேர் என்றே பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறோம். அதே பழக்கத்தில், விடைகளை முதலில் வினாத்தாளில் குறித்துக்கொள், கடைசியில் மொத்தமாக விடைத்தாளின் வட்டங்களை நிரப்பு என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வில் மூன்று மணி நேரம் முடிந்தபோது நாற்பது வட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவள் கொண்டுவந்த வினாத்தாளை டீச்சர் வாங்கித் திருத்தினார். அந்த நாற்பதில் முப்பத்தாறு சரி. விடைத்தாளைப் படிக்கும் இயந்திரத்துக்கு அது தெரியாதே. சீட் கைநழுவிப் போனது.

மறு வாரம் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் மேகமலை ஏறினார். மகளையும் தேயிலை பறிக்கக் கூட்டிப்போவதென்று பவித்ராவின் அம்மா முடிவு செய்திருந்தார். டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"உன் மகளுக்குப் பதிலெல்லாம் தெரியும் ஆத்தா. எப்படி எழுதணும்னு நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். ஒரே ஒரு வருசம் குடு. இந்தத் தடவ நானும் அவகூட எழுதுறேன்."

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இறங்கும் வழியில் டீச்சர், நாளையிலிருந்து தனக்கு இயற்பியல் நடத்தும்படி மட்டும் கேட்டார்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு என்பதால் ஞாயிறுதோறும் இரண்டிலிருந்து ஐந்து வரை, கண் சொக்கும் வெயிலில், இருவரும் பள்ளி ஹாலில் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். ஒரு வட்டம் நிரப்ப எத்தனை நொடி ஆகிறது என்று டீச்சர் கடிகாரம் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்தை முடித்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை அப்போதே நிரப்ப வேண்டும், தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டக் கூடாது என்று கண்டுபிடித்தார். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை.

தேர்வு மைய வாசலில், "பிள்ளையை விட்டுட்டு நீங்க ஓரமா நில்லுங்கம்மா" என்றார்கள். டீச்சர் தன் ஹால் டிக்கெட்டை நீட்டினார். உள்ளே நகை கூடாது என்பதால் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றார். மூன்று மணி நேரமும் அந்தத் தோட்டைப் பொத்திக்கொண்டே வெளியே நின்றேன்.

பவித்ராவுக்குச் சீட் கிடைத்தது. தப்பான விடைகளுக்கு மதிப்பெண் கழித்ததில் டீச்சருக்கு இயற்பியலில் பூஜ்யத்துக்கும் கீழே. அந்த மதிப்பெண் பட்டியலை அவரே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, "வாத்தியாரு சரியில்ல" என்று என்னைக் காட்டிச் சிரித்தார்.

அடக்கத்துக்குப் பவித்ராவின் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். தப்பை ஒத்துக்கொள்ள எந்த டீச்சர் வீடு தேடி வருவாக என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரஃப், ஃபேர் என்று பவித்ராவுக்குச் சொன்னது டீச்சர் இல்லை, நான்தான் என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். பவித்ரா அன்னைக்கே சொல்லிட்டா. நான் டீச்சர்ட்ட கேட்டேன். சாரு ஒருநா அவுகளாவே சொல்லுவாக, அதுவரைக்கும் நீ கேக்காதன்னுட்டாக."

டீச்சர் என்மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கைதான் இனி என்னிடம் இருக்கும். அதைக் காப்பாற்ற எனக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது, கேட்க அவர் இல்லை.