முட்டை தடவாத ஸ்கோன்

என் மாமியாரிடம் அடிகனமான அலுமினியச் சட்டி ஒன்று இருந்தது. அடியில் மணல், அதன்மேல் ஒரு தட்டு, மூடியின்மேல் தணல். ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஓவன் அதுதான். கல்யாணத்துக்கு முன் ரயில்வே அதிகாரி ஒருவர் வீட்டில் சமைத்தவர் அத்தை. அங்கே பழகிய ஸ்கோன் என்ற வெள்ளைக்கார டீ ரொட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசையும் மத்தியான மீன்குழம்பும் முடிந்தபின் சாயங்கால டீக்குச் சுடுவார். ‘இஸ்கோனு’ என்பார். இன்று என் சமையலறையில் மின்சார ஓவன் இருக்கிறது. இருந்தும், ஸ்கோன் என்றதும் எனக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

நான் திருவொற்றியூரில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரை விரும்பி, மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. முழுகாமல் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியதற்கும் பதில் இல்லை. அப்படிப்பட்டவர் அன்று திடீரென்று குடையும் கையுமாக வாசலில் நின்றார். வீடெல்லாம் வஞ்சிர மீன் வாசம்.

“உள்ள வாங்கண்ணே. மீன் நாத்தம் அடிக்கும், மன்சுல வெச்சுக்காதீங்க” என்றார் அத்தை.

அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. “வேணாம்மா. உன்னப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

அத்தை வற்புறுத்தவில்லை. தாம்பாளத்தைத் தூக்கி வந்து அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மைதாவில் வெண்ணெயை விரல்நுனியால் பிசிறினார். சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா உப்பு, கெட்டி மோர் என்று ஒவ்வொன்றையும் அவர் கண்ணில் படும்படி சேர்த்தார். அதிகம் பிசையாமல் தட்டி, டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டினார். “இந்தச் சட்டில மீனு, கறி எதுவும் பட்டதில்லண்ணே.” வழக்கமாக மேலே முட்டை தடவுவார். அன்று பாலைத் தொட்டுத் தடவினார். நான் கவனித்தேன்.

வெந்ததும் மரியாதைக்காக அப்பா ஒன்றை எடுத்துப் பாதி தின்றார். அந்த நேரத்தில் ஷிப்டு முடிந்து என் கணவர் உள்ளே வந்தார். இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அதுவே முதல்முறை. தடுமாறித் தட்டைப் பார்த்தவர், “இன்னாம்மா, வெளுத்துப் போய்க் கீது? முட்ட தடவலியா?” என்று கேட்டுவிட்டார்.

சட்டியில் முட்டை பட்டிருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. அத்தை எதையும் மறைக்கவில்லை. “எப்பவும் தடவுறதுதாண்ணே. இன்னிக்கு உங்களுக்கோசரம் வுட்டுட்டேன்” என்றார் மெல்ல.

அப்பா கையிலிருந்த மீதிப் பாதியைப் பார்த்தார். பிறகு அதை வாயில் போட்டு நிதானமாக மென்றார். “இன்னொண்ணு குடுங்கம்மா. டீயும் இருந்தா குடுங்க.”

நான் அடுப்பங்கரைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். அப்பா இந்த வீட்டை ஏற்றுக்கொள்ளவே மாட்டார் என்று அத்தனை மாதமும் இருந்த பயம் தீர்ந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. டீ எடுக்க வந்த அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். “இன்னாத்துக்கு அழுவுற? டீ குடிச்சதும் அப்பாவ பஸ் ஏத்தி வுட்டுட்டு வா. அவனையும் இட்னு போ.”

தெருவில் அப்பாவும் என் கணவரும் முன்னால் நடந்தார்கள். கிரேனில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றாதா என்று அப்பா கேட்டார். “மொதல்ல சுத்தும் மாமா. அப்பாலிக்கா பழகிடும்” என்றார் இவர். அப்பா சிரித்தது கேட்டது. நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.