புல்வெளியில் ஒரு பலகை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பிளம் க்ரீக் என்ற சிறு நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டா புரூசின்ஸ்கியின் வீட்டு வாசலில், சாலையில் ஒரு குழி. நகர மன்றத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. அவளுடைய காரின் அச்சு முறிந்த அன்று புல்வெளியில் ஒரு பலகை நட்டாள்: ‘இக்குழி மேயரால் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.’

குழியை மூட யாரும் வரவில்லை. பலகையைப் பிடுங்க மட்டும் மறுநாளே நகர ஆய்வாளர் டுவைட் வந்துவிட்டான்.

“மிஸ் லொரெட்டா, நகர விதிப்படி ‘வீடு விற்பனைக்கு’ பலகை மட்டும்தான் வைக்கலாம்.”

“ஏண்டா, ஸ்கூல் படிக்கிறப்ப என் பஸ்ல தினமும் வாந்தி எடுத்தியே, அப்ப எந்த விதியும் ஞாபகம் வரலையா?”

டுவைட் காது சிவக்க சம்மனை நீட்டிவிட்டுப் போனான்.

அவள் மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மாநிலச் சட்டத்தில் பலகை பற்றி ஒன்றுமே இல்லையாம். ஆனால் அந்தச் சாலை மாநிலத்துடையதாம். நெடுஞ்சாலைத் துறையோ, தங்கள் விதிமுறைப்படி குழிக்கு ஆழம் போதாது, இன்னும் கொஞ்சம் ஆழமானதும் தெரிவிக்கவும் என்று பணிவோடு சொன்னது.

எதிர்வீட்டு வக்கீல் மிரியம் சிரித்தாள். “நகர விதிக்கு மேல மாநிலச் சட்டம். எல்லாத்துக்கும் மேல அரசியலமைப்பு. அதுல பேச்சுரிமைக்கு ஒரு வரி இருக்கு. அந்த வரிக்கு அர்த்தம் சொல்ல அலமாரி அலமாரியா தீர்ப்பு இருக்கு.”

“இவ்வளவையும் எழுதுறது யாரு?”

“ஆளாளுக்கு எழுதுவாங்க.”

“படிக்கிறது?”

“அதுக்குத்தான் நாங்க பிழைக்கிறோம்.”

சம்மனில் இருந்த தேதியில் லொரெட்டா மிரியமோடு நீதிமன்றத்துக்குப் போனாள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தடுக்கக்கூடாது என்று மேல்நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருப்பதை நீதிபதி எடுத்துக்காட்டி, நகர விதி செல்லாது என்றார். பலகை வாசகத்தைப் படிக்கும்போது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மேயர் சும்மா இருப்பாரா? அடுத்த கூட்டத்திலேயே புது விதி வந்தது: என்ன எழுதியிருந்தாலும் சரி, பலகை பீட்சா பெட்டியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

“இது செல்லும்,” என்றாள் மிரியம், முகத்தைச் சுளித்து.

லொரெட்டா பலகையை அறுத்து, பொடி எழுத்தில் திரும்ப எழுதினாள். படிக்க வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டவேண்டும். கட்டினால் சக்கரம் குழியில் இறங்கும். ஊரே ஆவலாகப் படித்தது. மேயரின் மனைவியும் படித்தாள், இழுவை வண்டி வரும்வரை. வசந்தம் முடிவதற்குள் குழி துறையின் விதிமுறைக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஆட்கள் வந்து மூடினார்கள்.

பேச்சுரிமை லொரெட்டாவுக்குப் பிடித்துப்போனது. இப்போது பலகையில் குப்பை வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறாள்.