அதே மருந்து, வேற சட்டை

மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் உள்ள வியாதி அத்தனையும் தெரியும், ஆனால் அவனைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வருகிறவர்கள் நல்லா இல்லாமல்தானே வருகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பிரஷர், சர்க்கரை, மூட்டுவலி வகையறாப் பங்காளிகளே, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வாழ்கிற உங்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை. மீசை கறுப்பாக இருந்த காலம் முழுக்க நான் பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றின் ரெப். தோல்பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் டாக்டர்கள் வாசலில் எல்லாம் காத்துக் கிடந்தவன். மீசை வெளுத்தபின், பேகம்பூர் போகிற வழியில் ஷகிலா நடத்துகிற ஜெனரிக் மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பார்மசி படித்தவள். கடை, லைசென்ஸ், பொறுப்பு எல்லாம் அவளுடையது. வாய் மட்டும் என்னுடையது.

ஜெனரிக் என்றால் பெரிய பேர் போடாமல், உள்ளே இருக்கிற மருந்தின் பேரை மட்டும் போட்டு விற்கிற விலை குறைந்த மாத்திரை. இதை நான் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: "அதே மருந்துதான், வேற சட்டை."

மருந்துக்கடைக்கு மருந்து

எனக்கும் பிரஷர் உண்டு. என் மாத்திரை மட்டும் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே பையன் அங்கே இருக்கிறான். அவன் ஆன்லைனில் பெரிய கம்பெனி மாத்திரையாகப் பார்த்து மாதாமாதம் பார்சல் போடுவான். "நான் சம்பாதிக்கிறது எதுக்குப்பா? நல்லதா போடுங்க" என்பான். வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. மனைவி போனபிறகு பகலெல்லாம் பூட்டுத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் பார்சல் கடைக்கே வரும்.

"அய்யா, இதே மருந்து நம்ம அலமாரியில இருக்கு. எதுக்கு இம்புட்டு விலை?" என்று ஷகிலா கேட்காத மாதம் கிடையாது. நான் காது கேளாத மாதிரி இருந்துவிடுவேன். விஷயம் இதுதான். பார்சல் வந்த அன்று சாயங்காலம் தவறாமல் ஒரு போன் வரும்: "வந்துச்சாப்பா?" அந்த மாதத்துக்கு அவன் பேசுவது அன்றைக்குத்தான். நானாகக் கூப்பிட்டால், "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று பதறுவான், ஒன்றுமில்லை என்றால் மீட்டிங்குக்குப் போய்விடுவான். பார்சல் நின்றால் போனும் நின்றுபோகும். இந்தப் பயத்தில்தான் ஊருக்கெல்லாம் ஜெனரிக் சொல்கிறவன், கம்பெனி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பார்சல் கொண்டுவருகிற ஆளுக்கு இது பெரிய வேடிக்கை. கையெழுத்து வாங்கும்போதெல்லாம் போர்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டான்: "ஏன் பெருசு, உங்க கடை மருந்து உங்களுக்கே ஒத்துக்கலையா?"

பாதி விலை

கீரனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் செல்லமுத்து. திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். வந்தால் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபேன் காற்றை வாங்கி, விலையை விசாரித்துவிட்டு, எதிர்த்தாற்போல் இருக்கிற ஏசி கடையில் போய் மாத்திரை வாங்குவார். டாக்டர் சீட்டில் மருந்தின் பேர்தான் எழுதியிருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஷகிலா படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டே ஃபேன் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தார்.

நான் என் பங்குக்கு இறங்கினேன். "மாப்பிள்ளை கோட்டுப் போட்டு வந்தாலும் மாப்பிள்ளைதான், வேட்டி கட்டி வந்தாலும் மாப்பிள்ளைதான். தாலி கட்டுறது ஒரே கைதானே?" செல்லமுத்து வெகுநேரம் யோசித்தார். சரி, ஆள் விழுந்துவிட்டார் என்று நான் ஷகிலாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, வெலை பாதின்னா வியாதியும் பாதிதான் போகுமுங்களா?"

பீட்ரூட்

முருகேஸ்வரி வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிறவள். லீவு நாளில் திண்டுக்கல் வந்தால் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிப்போவாள். டாக்டர் சொல்லி கம்பெனி மாத்திரையிலிருந்து எங்கள் மாத்திரைக்கு மாறினாள். மிச்சமான காசில் பிள்ளைக்கு டியூஷன் சேர்த்திருக்கிறாள். ஆனால் பழைய மாத்திரை ரோஸ் கலர், இது வெள்ளை. "எனக்கு ரோஸ் மாத்திரைதான் கேக்கும். வெள்ளையெல்லாம் காச்சலுக்குப் போடுறது" என்று மாமியார் வாயை இறுக்கி மூடிக்கொண்டாராம்.

"அம்புட்டுத்தானா?" என்று நான் கேட்டேன். "பீட்ரூட் வெட்டுற அன்னைக்கு மாத்திரைய அதுல ஒரு பொரட்டு பொரட்டு." நான் விளையாட்டுக்குச் சொன்னேன், அவள் செய்தேவிட்டாள். விஷயம் தெரிந்து ஷகிலா என்னை ஒரு பிடி பிடித்தாள். மாத்திரையை நனைக்கக் கூடாது என்று முருகேஸ்வரியையும் உட்காரவைத்துச் சொன்னாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "பிரஷர் எறங்கிருச்சுக்கா. ஆனா எங்க அத்தை இப்ப வெஞ்சனம் வேணாம், சோத்துக்கு மாத்திரையே தொட்டுக்கிறேங்குது."

எலியும் பூனையும்

பையனுடைய போனுக்கு ஆயுசு குறைவு. "வந்துச்சாப்பா? பிரஷர் பாத்தீங்களா? சாப்ட்டீங்களா? சரிப்பா." இதற்குள் நான் செருப்பைக் கழற்றி உட்காரக்கூட முடியாது. அதனால் மாதத்துக்கு ஒரு கதை தயார் செய்து வைப்பேன். பார்சலை எலி கடித்துவிட்டது, மாத்திரை தின்ற எலி பிரஷர் இறங்கிச் சாந்தமாகி இப்போது என்னோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறது என்று ஒருமுறை சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். சின்ன வயசில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து சிரிக்கிற அதே சிரிப்பு.

அதை நம்பி அடுத்த மாதம் ஒரு பூனையைக் கொண்டுவந்தேன். அந்தப் பக்கம் யாரோ இங்கிலீஷில் அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "அப்பா, பூனைய அடுத்த மாசம் சொல்லுங்க."

வாத்தியாரின் பக்தி

அந்தோணி வாத்தியார் ரிட்டயர் ஆனவர். ஒரு பொருளையும் வீணாக்கமாட்டார். "அதுக்குப் பதிலா இது" என்று சொல்லித்தான் ஷகிலா புது மாத்திரையைக் கொடுத்தாள். வீட்டில் பழைய அட்டையில் பாதி மிச்சம் இருந்திருக்கிறது. பேர் வேறே வேறேதானே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் எழுந்து நிற்க, வாத்தியார் கண் இருட்டி முழங்காலில் விழுந்துவிட்டார்.

பங்காளிகளே, இதில் மட்டும் என்னோடு சேர்ந்து சிரிக்காதீர்கள். ஒரே மருந்துக்கு இரண்டு பேர் இருந்தால் இரண்டையும் போடுவது ஆபத்து. ஷகிலாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. உடனே டாக்டரிடம் அனுப்பினாள். அன்றிலிருந்து பழைய அட்டையைக் கொண்டுவந்து காட்டாமல் யாருக்கும் புதுசு மாற்றித் தருவதில்லை. வாத்தியார் மறுவாரம் தெம்பாக வந்து, தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மயக்கம் கெடக்கட்டும்பா. அப்படியொரு பக்தியப் பாத்ததே இல்லன்னு சாமியார் சொல்லிட்டார்."

சிறுமலைக் குரங்கு

மத்தியானத்தில் எங்கள் கடைப்பக்கம் ஈ காக்கா இருக்காது. எதிர்க்கடையில் கண்ணாடிக் கதவு திறந்து மூடித் திறந்து மூடிக் குளிர்காற்று வெளியே வரும். அதோடு பேச்சும் சிரிப்பும் வரும். இங்கே ஷகிலா ஸ்டாக் பார்ப்பாள். நான் ரோட்டைப் பார்ப்பேன். யாராவது வழி தவறி உள்ளே வந்தால் விடமாட்டேன். மருந்து வாங்க ஒரு நிமிஷம், என் கதைக்கு அரைமணி.

ரெப்பாக இருந்தபோது சிறுமலை வளைவில் என் வண்டி சாய்ந்து, ஒரு பெட்டி இருமல் டானிக் பள்ளத்தில் கொட்டிவிட்டது. அதை நக்கிய குரங்குகள் மூன்று மழைக்காலம் இருமவே இல்லை. அதில் ஒன்று இப்போதும் டானிக் கேட்டு மூடியை நீட்டுகிறது என்று ஒருநாள் ஒரு ஆளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். அவர் பஸ்ஸைத் தவறவிட்டு அதன் பின்னாலேயே ஓடினார். ஷகிலா ஸ்டாக்கிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அய்யா, இது கம்பெனிக் கதையா, ஜெனரிக்கா?"

கோட்டு

செல்லமுத்து ஒருவழியாக மனசு மாறி வந்தார். "சரிங்க, பத்து நாளைக்குக் குடுங்க, பாப்போம்." ஷகிலா மாத்திரையை எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்தா பார்சல் வரவேண்டும்? மழையில் நனைந்து அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது. நான் கையில் வாங்கியதும் அடி பிளந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து மடியிலேயே மாத்திரை அட்டைகள் விழுந்தன.

செல்லமுத்து கண்ணாடியைப் போட்டார். பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். எதிர்க்கடையில் அவர் வாங்குகிற அதே மாத்திரை. "இது ஆருக்குங்க?" என்றார். எலி, பூனை, குரங்கு ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "எனக்குத்தான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. அட்டைகளைப் பதமாக அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போகுமுன் சொன்னார்: "ஊருக்கெல்லாம் வேட்டியக் கட்டிவிட்டுப்போட்டு, நீங்க மட்டும் கோட்டுப் போட்டிருக்கீங்களே, ஏனுங்க?"

ஒரு ரிமைண்டர்

ஷகிலா திட்டியிருந்தால் தேவலை. அவள் எடுத்த மாத்திரையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்கு முருகேஸ்வரி வந்து கேட்டா நான் என்னய்யா சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பிள்ளையின் டியூஷன் என் கண்முன் வந்து நின்றது.

சாயங்காலம் போன் வந்தது. "வந்துச்சாப்பா?" வந்தது என்றேன். பூனையைச் சொல்லவில்லை. "இனிமே அனுப்பாதப்பா. கடையிலயே எடுத்துக்கிறேன். அதே மருந்துதான்" என்றேன். சண்டை போடுவான், அதிலேயே செத்த நேரம் ஓடும் என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவன் ரொம்ப லேசாகச் சொன்னான்: "நீங்க சொன்னா சரிப்பா. எனக்கும் போன்ல ஒரு ரிமைண்டர் கொறைஞ்சுது."

போன்

டாக்டரிடம் சொல்லிவிட்டு எங்கள் கடை மாத்திரைக்கே மாறினேன். பிரஷர் கொஞ்சமும் ஏறவில்லை. வழக்கமாகப் பார்சல் வருகிற நாள் வந்தது. பார்சல்காரன் கடையைப் பார்க்காமலே தாண்டிப் போனான். போனைச் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் பார்த்தேன்; துடைத்தேன்; அணைத்துத் திறந்தேன். கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றிவிட்டது. "ஒருவாட்டி அடிச்சுப் பாரு தாயி" என்று ஷகிலாவிடம் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்றபடியே அடித்தாள். என் கையில் மணி கணகணவென்று அடித்தது. அவள் கொஞ்ச நேரம் அதை அடிக்கவிட்டுப் பிறகு நிறுத்தினாள். "போன் நல்லாத்தான் இருக்குதுய்யா."

இருக்கீங்களா?

அடுத்த தடவை செல்லமுத்து வந்தபோது உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்று எட்டிப் பார்த்தார். அய்யா இப்போது நம்ம மாத்திரைதான் போடுகிறார் என்று ஷகிலா உள்ளிருந்தே சொன்னாள். மெதுவாகப் படியேறி வந்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கால் வீங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கரண்ட் கம்பம் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கூட இம்புட்டுப் பார்க்கமாட்டார். நடந்து வந்து நின்றதும் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "நல்லா இருக்கீங்களா?"

மருந்துக்கடையில் உட்கார்ந்த நாளாக யாரும் கேட்காத கேள்வி. இன்னொருவாட்டி கேட்கச் சொல்லலாமா என்று இருந்தது. காது மந்தமாகிவிட்டது என்று அவர் ஜெனரிக்கின் மேல் பழி போடுவதற்குள் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பத்து நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். முழு மாதத்துக்கு வாங்க வேண்டுமென்றால் என் உயிர் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். போகும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது மாதாமாதம் அவர் பஸ் ஏறுமுன் கூப்பிடுகிறார். "ஏனுங்க, இருக்கீங்களா?" இருக்கிறேன் என்றால் முழு மாதத்துக்கு மருந்து. போன தடவை என் பழைய புத்தி சும்மா இருக்கவில்லை. "இருக்கேன், ஆனா இடது கால்ல லேசாப் பச்சை ஏறுது, தென்னங்குருத்து விடும்போல" என்றேன். ஆள் போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு ரொம்ப அக்கறையாக ஒரு கேள்வி வந்தது: "நாட்டு ரகமுங்களா, குட்டை ரகமுங்களா?"

ஆக, மாதம் ஒரு போன் எனக்கு இப்போதும் வருகிறது, சட்டை மட்டும்தான் வேறு. உள்ளே இருப்பது அதே மருந்தா என்று கேட்டால், அதை மட்டும் ஷகிலாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.