படுத்துக்கொண்டு ஓட்டும் கார்

நானும் என் தங்கை கணவரும் திருவொற்றியூரில் ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இருவருக்கும் சேர்ந்தே ஒரு கிறுக்கு பிடித்தது: சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்குச் சொந்தமாக ஒரு பார்முலா கார் கட்ட வேண்டும். ஒரே ஆள் உட்காரும், கூரை இல்லாத, நான்கு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து வந்தது. சண்டை இருக்கையிலிருந்து வந்தது.

நான் வரைந்த படத்தில் ஓட்டுபவர் பந்தியில் உட்கார்ந்தவர் போல நிமிர்ந்திருந்தார். மச்சான் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஓட்டுபவர் ஏறக்குறைய மல்லாந்து கிடந்தார். தலை மட்டும் தெரிந்தது.

"நிமிந்து குந்திகினா காத்து நெஞ்சுல மோதும் மச்சான். படுத்துகினா மேலயே பூடும்," என்றார்.

"படுத்துகினு எப்டி ரோட்டப் பாக்கறது?"

"வளைவு வந்தா தெரியும்பா. அது போதும்."

ஓட்டப்போகிறவரையே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. அவர் கல்மண்டபத்து நண்பர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாள் முழுக்க ஒடுக்கமான கூண்டில் நிமிர்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர். பத்திரிகைப் படத்தைப் பார்த்ததும், "எனக்கு இதான் ஓணும்," என்றார். வண்டியின் சட்டம் உறுதியாக இருக்கத் தடித்த பைப்பு போட வேண்டும் என்பதில் மட்டும் நான் ஜெயித்தேன். ஒவ்வொரு பைப்பைத் தூக்கும்போதும், எடை கூடுகிறதே என்று மச்சான் பெருமூச்சு விட்டார்.

பந்தய நாளில் வண்டிகள் வரிசையாக நின்ற நேரம் பார்த்து, ஒரு ஆட்டு மந்தை ஓடுதளத்துக்குள் புகுந்துவிட்டது. எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள். ஆடுகளை விரட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு மறுபடி கிளப்பினார்கள், கொடி அசைந்தது, எல்லா வண்டியும் பறந்தது. எங்கள் வண்டி மட்டும் நின்றது.

"பிளக்கு பூட்ச்சு," என்றார் மச்சான். பெட்ரோல்தான் வரவில்லை என்றேன் நான். வாதாடிக்கொண்டே இருவரும் ஸ்பேனரோடு ஓடினோம். பக்கத்தில் போனதும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

தோளைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே, "லோடு வந்துச்சா?" என்றார்.

"அல்லாரும் பூட்டாங்க, நைனா."

அவர் கிளம்புவதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முடித்திருந்தார்கள். கடைசியாக வந்தார், ஆனால் முகத்தில் நல்ல தெளிவு.

"பாத்தியா, இன்னா சொகுசு," என்று மச்சான் பெருமைப்பட்டார்.

மறு ஞாயிறு இருக்கையை நிமிர்த்திவிடுவது என்று ரம்பத்தோடு ஷெட்டுக்குப் போனேன். நண்பர் முன்பே வந்து வண்டிக்குள் படுத்திருந்தார். "சீட்டுல கைய வெச்சே, நான் ஓட்ட மாட்டேன்," என்றார். எத்தனை கெஞ்சியும் இறங்கவில்லை. கடைசியில் மச்சான் ஒரு வழி சொன்னார்: கொடி அசைகிறவரை அவர் தூங்காமல் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த பந்தயத்தில் அப்படியே செய்தேன். வண்டிமேல் குனிந்து என் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னேன். எப்போது தொடங்கியது, எந்தெந்தத் தைலத்துக்குக் கேட்கவில்லை, படி ஏறினால் எப்படி, இறங்கினால் எப்படி என்று. கொடி அசைந்ததும் அவர் பாய்ந்த பாய்ச்சலில் முதல் வளைவுக்குள் மூன்று வண்டிகளைத் தாண்டினார். முடிவில் கடைசிக்கு முந்தின இடம்.

"காத்து மேல பூட்ச்சு, பாத்தியா," என்றார் மச்சான்.

நண்பர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் பேச்சுல இருந்து தப்பிச்சா போதும்னு ஓட்னேன்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தைலத்தைப் பற்றி அவர் ஏதாவது யோசனை சொல்வார் என்று நினைத்திருந்தேன்.