ராஜாங்கத்துக்கு ஏறிய சர்க்கரை

வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி முப்பது வருஷம் மீன் விற்றவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடப்பிறந்த அண்ணனிடம்கூட மீன் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் யாரை நம்புவாள்?

கணவன் ராஜாங்கத்தைச் சேர்த்து ஒன்பது நாளாகிறது. எழுபத்திரண்டு வயது. கிளிஞ்சல் குத்திய புண், இடது கால் கட்டைவிரலைக் கறுக்கடித்துவிட்டது. விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்றார் டாக்டர். ஆனால் சர்க்கரை இருநூற்றுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும். தள்ளிப்போகப் போக, கால் முழங்காலோடு போய்விடும்.

சர்க்கரையோ இறங்குவதாக இல்லை. இன்சுலின் ஊசியைக் கூட்டக் கூட்ட, விரலைக் குத்திப் பார்க்கும் மெஷின் முந்நூறு, முந்நூற்றிருபது என்றே காட்டியது.

யாரோ இனிப்பு கொடுக்கிறார்கள். யார்?

மருமகள் சரிதாதான். மகன் செல்வகுமாரைச் சாரம் பகுதிக்குத் தனிக்குடித்தனம் கூட்டிப்போனவள். வேலையோ தட்டாஞ்சாவடி பிஸ்கட் கம்பெனியில். கிழவன் போனால் வீடு யாருக்கு?

சரிதா வந்துபோன ஒவ்வொரு தடவையும் விசாரணை நடந்தது.

"வாயத் தொற."

"எதுக்குடி?"

"தொறன்னா தொற. பிஸ்கட் வாசன வருதான்னு பாக்கணும்."

"இருக்கறது நாலு பல்லு. மோந்து பாத்து வெல போடப் போறியா?" என்றார் ராஜாங்கம்.

பத்தாம் நாள் மதியம் ஊசி போட்ட பிறகு, சரிதா கொண்டுவந்த இட்லியில் இரண்டு வாய்தான் தின்றார். கொஞ்ச நேரத்தில் உடம்பு தெப்பமாக வியர்த்தது. கை நடுங்கியது. நாக்குக் குழறியது.

"அடிப்பாவி! என்னாத்தடி கலந்த?" வார்டே திரும்பிப் பார்க்க அலறினாள் அஞ்சலாட்சி.

"ஐயோ அத்த! மொதல் இட்லிய நீங்கதான தின்னு பாத்தீங்க? நல்லாத்தான நிக்கிறீங்க?"

நர்ஸ் சிவசங்கரி ஓடிவந்து விரலைக் குத்தினாள். இருநூற்றுத் தொண்ணூறு. அவள் நெற்றி சுருங்கியது. "ஆளப் பாத்தா சர்க்கர கொறஞ்ச மாதிரி இருக்கு. மெஷின் இப்புடிச் சொல்லுதே!" ராஜாங்கத்தின் விரல் அவள் கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டியது. சட்டென்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்தினாள்.

நாற்பத்தாறு!

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். செத்துப் பிழைத்தவர்போல ராஜாங்கம் கண் திறந்தார்.

"இவரு கையில என்னாத்தத் தடவுனீங்க?" சிவசங்கரி சீறினாள். "கையில இருந்த இனிப்பத்தான் மெஷின் காட்டியிருக்கு. அத நம்பி ஊசிய ஏத்திக்கிட்டே வந்திருக்கோம். உசுரே போயிருக்கும்!"

அஞ்சலாட்சிக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாததை வந்த அன்றே பார்த்திருந்தாள். அந்தத் தண்ணீரையா புருஷன்மேல் படவிடுவாள்? அம்மை கண்ட பிள்ளைகளுக்குச் செய்ததுபோல, விடியற்காலையிலும் சாப்பாட்டுக்கு முன்பும் தினமும் இளநீரால் முகமும் கையும் துடைத்துவிட்டு வந்தாள். ஒரு சொட்டு வாயில் படவில்லை. அந்தப் பெருமை வேறு அவளுக்கு இருந்தது.

சரிதா கட்டிலுக்கடியில் கிடந்த இளநீர்க் காயைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"நான்தான் சிஸ்டர். தெரியாம எளநீர்ல தொடச்சிட்டேன்," என்றாள் சரிதா.

இவள் ஏன் பழியை ஏற்கிறாள்? இதில் என்ன சூது? அப்போதும் அஞ்சலாட்சியின் மனம் அப்படித்தான் போயிற்று.

"இனிமே நீ இந்த வார்டுப் பக்கமே வராத," என்றாள் சிவசங்கரி. சரிதா பையை எடுத்தாள். அழுகையை அடக்கிய அவள் உதடு துடித்தது. அதற்குமேல் அஞ்சலாட்சியால் தாங்க முடியவில்லை.

"அவ பொய் சொல்றா சிஸ்டர்! நான்தான். என் கையாலயே என் புருஷனக் கொல்லப் பாத்தேன்!" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மருமகளிடம் திரும்பி, "எதுக்குடி என் தப்ப நீ ஏத்துக்கிட்ட?" என்றாள்.

"உங்கள வெளிய அனுப்பிட்டா, மாமா இங்க ஒரு வாய் சோறு தின்னுவாரா அத்த?"

மறுநாள் காலை சரிதா சோப்புப் போட்டுக் கழுவ, அஞ்சலாட்சி துண்டோடு நின்றாள். மெஷின் நூற்று எழுபது என்றது. டாக்டர் வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் வைத்தார்.

"வியாழக்கெழம லீவு போடுடி," என்றாள் அஞ்சலாட்சி, மருமகள் முகத்தைப் பார்க்காமலே. "என்னால அங்க தனியா ஒக்காந்திருக்க முடியாது."