நீலாம்பாளின் ராசிக்கை

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். குத்தகைத் தகராறில் பக்கிரியின் நிலத்தை மிராசுதார் பிடுங்கிக்கொண்டார். வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டே கிடந்தது. "உழுபவனுக்கே நிலம்" என்று மேடையில் முழங்கிய ஒருத்தரும் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கிரியின் பெண்டாட்டி நீலாம்பாள் வீடு வீடாகப் பால் கறந்துதான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவளுக்கு ராசிக்கை என்று பேர். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். துரைராசு வீட்டுப் பசுதான் ஊரிலேயே அதிகம் கறக்கும். முதலில் அதைக் கறந்து, விரலில் அந்த நுரை காயும் முன்னே அடுத்த வீட்டுப் பசுவின் காம்பில் தடவிக் கறக்க வேண்டும். அப்போது இதுவும் அதைப்போலக் கறக்குமாம்! நடுவில் கை கழுவினால் ராசி போச்சு. "ஏன்டி, கை கழுவிட்டியா?" என்று அவளை அதட்டாத வீடு கிடையாது.

அந்த வருஷம் எல்லாப் பசுக்களும் பாலைக் குறைத்தன. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டோம். மடியில் வீக்கமில்லை, பாலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் காம்புக்குக் கொஞ்சமாகத் தட்டில் பீய்ச்சி, மருந்துத் தண்ணீர் விட்டு ஆட்டினார். துரைராசு வீட்டுப் பால் கஞ்சியாகக் கொழகொழத்தது. அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை.

"மடிக்குள்ள நோவு இருக்குங்க. அதோட சண்டை போடுற அணுக்கள் பால்ல கூடிப்போச்சு, அதான் கெட்டியாவுது. கண்ணுக்குத் தெரியாது. கறக்குற கை வழியாத்தான் பரவியிருக்கு."

எல்லோரும் நீலாம்பாளைப் பார்த்தார்கள். பாவி மனுஷர்கள், கழுவாதே என்றது நாங்கள்தான் என்று ஒரு வாய் சொல்லணுமே! நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா கெட" என்றார் துரைராசு.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் கறக்கிறேங்க. எனக்கு வேற பொழப்பு இல்லீங்க" என்று அழுதாள் நீலாம்பாள்.

"கழுவினாப் போதும்மா. ஆனா மடியில பால் தங்காம ஒட்டக் கறக்கணும்" என்றார் டாக்டர்.

துரைராசு கேட்கவில்லை. "இந்தக் கை இனிமே என் கொட்டாயில படக்கூடாது."

மற்ற வீடுகளும் அதையே சொல்லின.

மறுநாள் துரைராசுவே கறக்க உட்கார்ந்தார். பசு உதைத்தது, பாலை அடக்கிக்கொண்டது. நீலாம்பாள் ஓடி வந்தாள். தேய்த்துத் தேய்த்து அவள் கை சிவந்திருந்தது.

"ஒரே ஒரு தரம் விடுங்கய்யா. மடி கல்லாயிடும்."

அவர் படலைச் சாத்தினார். உள்ளே பசு கத்தியது. வெளியே நீலாம்பாள், "இருடி, இருடி" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நின்றாள்.